பேச்சியம்மாளின் அட்டைகள்

செய்தியைக் கொண்டுவந்தவர் டிரைவர் தங்கவேல். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் முடிந்து, அன்றைய விலையைக் குறித்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது எதிர்ப்புறம் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல செய்தி இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"காயில்கார அக்கா போயிருச்சு சார்" என்றார்.

எப்போது என்று கேட்டேன். விடிகாலை ஆறு மணி இருக்கும் என்றார். அதற்கு முன்பு என்ன நடந்தது என்று கேட்டேன். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாராம். அதற்கு முன்பு? இரவு நன்றாகத் தூங்கினாராம். அதற்கும் முன்பு என்று நான் ஆரம்பித்தபோது தங்கவேல் என் முகத்தைப் பார்த்தார். "அவுக கேக்குற மாதிரியே கேக்குறீங்க" என்றார்.

முந்தல் ரோட்டில் பேச்சியம்மாளின் கடையில் வண்டியை விட்ட டிரைவர்களுக்கும், கருகிய பம்புசெட் மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு தேவாரத்திலிருந்து வந்த விவசாயிகளுக்கும் அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கட்டிய காயில் உங்கள் கிணற்றில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் படுக்கை வேன் விஷயத்தில் என்ன நடந்தது என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் நான் ஒரு சாட்சி. எனவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை.

பேச்சியம்மாள் பம்புசெட் மோட்டார்களில்தான் தொழிலைத் தொடங்கினார். கரண்டு ஏறி இறங்கி மோட்டார் கருகும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுருளைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். சுற்றுக் கணக்கு ஒன்று தவறினாலும் மோட்டார் மறுபடி கருகும். எண்ணும்போது அவரோடு யாரும் பேச முடியாது. அவருடைய கணவர் கருப்பையா ஏலக்காய்க் கடையில் தராசு பிடிப்பவர். மதியம் சோற்றுத் தூக்கோடு வந்தால், மனைவி எண்ணி முடிக்கும்வரை வாசலில் நின்று பீடி குடிப்பார். பிறகு மலை ஜீப்புகளின் டைனமோக்களும் பேச்சியம்மாளிடம் வரத் தொடங்கின. அதற்குள் எழுபதுகள் பாதி கடந்திருந்தன.

அவர் வேலை செய்த முறை வேறு எங்கும் நான் பார்க்காதது. செத்துப்போன டைனமோவை மேசைமேல் வைத்தால் அதை உடனே தொடமாட்டார். டிரைவரை உட்காரச் சொல்லுவார். "காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லு" என்பார். டிரைவர் வண்டி நின்ற இடத்திலிருந்து கதையைத் தொடங்குவார். "அதுக்கு முந்தி?" என்பார் பேச்சியம்மாள். எத்தனை பேர் ஏறினார்கள், எந்த வளைவில் லைட் போட்டாய், மழையா, வழியில் எங்கே டீ குடித்தாய், அப்போது இன்ஜின் ஓடியதா. டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள். போலீஸ் ஸ்டேஷனே தேவலை என்று ஒருவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பேச்சியம்மாள், அங்கே அடிப்பார்கள், இங்கே நான் அடிக்கவில்லையே என்றார்.

கேட்டு முடித்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். திறந்து பார்ப்பதற்கு முன்பே உள்ளே எது போயிருக்கும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பழுதான பாகங்களை அவர் தூக்கி எறிவதில்லை. சிகரெட் பெட்டி அட்டையைக் கத்தரித்து, அது செத்த கதையைக் கணவரிடம் சொல்லி எழுத வைத்து, மிச்சமான செம்புக் கம்பியால் பாகத்தோடு சேர்த்துக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார். ஒன்றைப் படித்துப் பார்த்தேன். 'தேவாரம் ரோடு. மழை. இரண்டாவது கியர். லைட்டும் வைப்பரும் சேர்ந்து போட்டதும் நின்றது. மூன்று நாளாகப் பெல்ட் கத்தியது. டிரைவர் கவனிக்கவில்லை.' அவ்வளவுதான். நானும் பத்திரிகையில் எத்தனையோ பேருடைய மரணச் செய்தி எழுதியிருக்கிறேன். ஒரு வரிகூட வீணாகாமல், ஒரு விவரமும் விடுபடாமல் இப்படி எழுத எனக்கு வந்ததில்லை.

இனி வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடிமெட்டு மலை ரோட்டில் வண்டி ஏறியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். வெளிர் பச்சை நிறம். ஒரு வெளிநாட்டுத் தம்பதி அதை ஓட்டிக்கொண்டு தரைவழியாகவே இந்தியாவுக்கு வந்து, ஊர் சுற்றி முடித்ததும் இங்கே ஒரு எஸ்டேட் மானேஜருக்கு விற்றுவிட்டு விமானத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். மானேஜர் மாற்றலாகிப் போனபோது, போடிமெட்டில் குடியிருந்த தங்கவேல் அதை வாங்கினார். டீசல் இன்ஜின், முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். பின்னால் ஒரு அடுப்பு மேடை, பூப்போட்ட திரை, கூரையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு நேர் கீழே ஆள் நீட்டிப் படுக்கும்படியான படுக்கை. அந்தப் படுக்கைதான் விஷயம். மலையில் யாருக்காவது முடியவில்லை என்றால் பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்பில் உட்கார வைத்துத்தான் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்க வேண்டும். தங்கவேலின் வேன் வந்த பிறகு படுக்க வைத்து இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் என்று யாரும் சொல்லவில்லை. படுக்கை வேன் என்றார்கள்.

ஓர் ஆனி மாதத்தில் அந்த வேனின் ஆல்டர்னேட்டர் போயிற்று. வண்டி ஓடும்போதே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான் அது. நம் பக்கத்து ஜீப்புகளில் அந்த வேலையை டைனமோ செய்துகொண்டிருந்த காலம். ஆல்டர்னேட்டரை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. சார்ஜ் ஏறாவிட்டால் முன்விளக்கும் வைப்பரும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மெட்டு மழையிலும் பனி மூட்டத்திலும் பட்டப்பகலிலேயே விளக்கில்லாமல் இறங்க முடியாது.

தங்கவேலுக்கு அப்போது வேறு ஒரு கவலையும் இருந்தது. மூத்த மகள் செல்வி தலைப்பிரசவத்துக்காக மெட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, பத்து நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிடுங்கள் என்று போடியில் டாக்டர் சொல்லியிருந்தார். தங்கவேல் கேட்கவில்லை. தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு நேரம், அவர் மனைவி வேலையை விட்டுவிட்டு வர முடியாது, மகளைத் தனியாக விடவும் மனமில்லை. வாசலில் நம் வண்டி நிற்கிறது, வலி கண்ட மறு நிமிடம் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இப்போது அந்த வண்டிதான் படுத்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து சாமான் வர வேண்டும் என்றால் மாதக்கணக்கு ஆகும். அதன் விலைக்கு இன்னொரு வேனே வாங்கலாம் என்று மதுரையில் சொல்லி அனுப்பினார்கள். தங்கவேல் பழுதான ஆல்டர்னேட்டரைப் பேச்சியம்மாளின் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

வழக்கம்போலக் காலையிலிருந்து சொல்லச் சொன்னார். டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இரண்டு வாரமாக எரிந்துகொண்டே இருந்ததாகத் தங்கவேல் சொன்னார். என்ன செய்தாய் என்று கேட்டார் பேச்சியம்மாள். "கண்ணைக் கூசுச்சுக்கா. மேல முருகன் படத்தை ஒட்டிட்டேன்" என்றார் தங்கவேல். முருகனும் இரண்டு வாரம் தாக்குப் பிடித்திருக்கிறாரே என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் அந்தச் சாமானை முதன்முதலாகத் திறந்தார். அன்று முழுவதும் வேறு வேலை தொடவில்லை. காயில் கருகியிருந்தது. காயிலை விட்டால் ஒரு தகட்டில் பட்டாணி போல ஆறு டயோடுகள் பதித்திருந்தன. அவை ஒவ்வொன்றையும் ஒரு பேட்டரியும் ஒரு பல்பும் வைத்துச் சோதித்தார். ஒரு பக்கம் வைத்தால் பல்பு எரிந்தது, திருப்பி வைத்தால் எரியவில்லை. ஆறும் அப்படியே. "வாசல்ல நிக்கிற ஆளு மாதிரி. உள்ள விடுவான், வெளிய விடமாட்டான்" என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. புத்தகமும் இல்லை. ஒரு பல்பை வைத்துக்கொண்டு ஒரே நாளில் அதன் வேலை முழுவதையும் கண்டுபிடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்தக் காயிலுக்கு ஏற்ற மெல்லிய கம்பி போடியில் கிடைக்கவில்லை. எனவே மதுரையில் பழைய இரும்புக் கடையிலிருந்து, கவிழ்ந்துபோன ஒரு லாரியின் ஆல்டர்னேட்டரைத் தங்கவேல் தேடிப் பிடித்து வாங்கிவந்தார். பேரீச்சம்பழ விலைக்குக் கிடைத்தது என்று பெருமைப்பட்டார். அது வேனில் உட்காரவில்லை. துளைகள் வேறு இடத்தில் இருந்தன. லேத் பட்டறையில் ஒரு தாங்கி செய்து வாங்கினார்கள். பழையதன் பெல்ட் சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டினார் பேச்சியம்மாள். பெல்ட் நீளம் போதவில்லை. மாவு மில்லில் போய் அளந்து பார்த்து ஒன்றை வாங்கிவந்தார். சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்து, மூன்று முறை கழற்றி, மெல்லிய தகடு வைத்து மறுபடி மாட்டினார். நான்காம் நாள் வேன் மெட்டுக்கு ஏறியது. முருகன் படத்தைத் தங்கவேல் கொஞ்சம் தள்ளி ஒட்டிக்கொண்டார்.

மாட்டிய எட்டாம் நாள் அதுவும் போயிற்று.

அன்று நான் அந்த வேனில் இருந்தேன். மழையில் ஏலக்காய்ச் செடி அழுகுவதைப் பற்றி எழுத மேலே போயிருந்தவன், போடிமெட்டு செக்போஸ்டில் நின்றுகொண்டிருந்தேன். பூப்பாறைப் பக்கமிருந்து தங்கவேல் வந்தார், ஏறிக்கொண்டேன். மதியம் மூன்று மணி, கண்ணுக்கு முன்னால் கை தெரியாத பனி. இறங்கத் தொடங்கியதும் விளக்குப் போட்டார். இரண்டு விளக்கும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. புது சாமான் நன்றாக வேலை செய்கிறதே என்று நான்தான் பாராட்டினேன். ஏழாவது வளைவில் விளக்கு இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. முன்னால் போன ஒரு ஜீப்பின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே, வைப்பர் இல்லாமல், ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டே தங்கவேல் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

அவருக்குக் கோபம் தாங்கவில்லை. மகளை எப்படி இறக்குவேன் என்ற பயந்தான் கோபமாக வந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்க, பொம்பளை கை வைத்த சாமான் மெட்டுக்கு ஏறுமா, என் புத்தியைச் சொல்ல வேண்டும் என்றார். நாற்பது டிரைவர்கள் கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் பேச்சியம்மாளின் வாடிக்கை. அன்று மாலைக்குள் செய்தி முந்தல் ரோட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை தங்கவேல் வேனைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் போனேன். அன்று காலை முதல் ஜீப்பில் அவர் மனைவி சொல்லி அனுப்பியிருந்தார்: செல்விக்கு இடுப்பு வலி விட்டு விட்டு வருகிறது, வண்டியோடு சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று.

பேச்சியம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "பொம்பளை தொட்டா ஏறாதுன்னியாமே. ஏறிச்சுல்ல? எறங்கும்போதுதான போச்சு" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிச் சொன்னது. பிறகு உட்காரச் சொன்னார். காலையிலிருந்து சொல்லச் சொன்னார்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று தங்கவேல் கத்தினார். தெரியாமல் மாற்றினால் இன்னும் எட்டு நாளில் மறுபடி போகும், உன் மகள் வண்டியில் இருக்கும்போது போகும் என்றார் பேச்சியம்மாள். தங்கவேல் உட்கார்ந்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். எந்தெந்த எஸ்டேட், எத்தனை மூட்டை, எங்கே டீ. பேச்சியம்மாள் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பேட்டரி எப்படி என்று கேட்டார். பேட்டரிக்கு என்ன, நீங்களே பாருங்கள் என்றார் தங்கவேல். பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆல்டர்னேட்டரைத் திறந்தார். காயில் புதிதுபோல இருந்தது. டயோடுகளில் நான்கு வெடித்திருந்தன. அவர் தலையை ஆட்டினார். அதற்கு ஒரு காரணமும் தங்கவேல் சொன்ன கதைக்குள் இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் நிருபன். எத்தனை மணி, எத்தனையாவது வளைவு, விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். விளக்கு வழக்கத்தைவிட வெளிச்சமாக எரிந்தது என்றபோது அவர் கை நின்றது. அந்த இடத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நீங்க எப்படி சார் உட்கார்ந்திருந்தீங்க?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். இடது பக்கச் சீட்டில், நன்றாகக் காலை நீட்டி, வசதியாகத்தான் உட்கார்ந்து வந்தேன் என்றேன்.

பேச்சியம்மாள் வேனின் இடது கதவைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தச் சீட்டுல காலை நீட்ட முடியாதே சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வேனில் பேட்டரியின் பழைய இடம் துருப்பிடித்துப்போனதால், இடது சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் பேட்டரியை வைத்திருந்தார் தங்கவேல். அதில் ஏறுகிறவர்கள் எல்லோரும் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டுதான் வருவார்கள். நானே எத்தனையோ முறை அப்படி வந்திருக்கிறேன். அன்று மட்டும் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். சௌகரியமாக இருந்தது, ஆகவே ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

தங்கவேலின் முகம் மாறவில்லை. மறைத்துவிட்டோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. "அது கோயிலுக்குக் குடுத்தேன்க்கா. எஸ்டேட் லயத்து வீடுகள்ல மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறாக, மைக்செட்டுக்குப் பேட்டரி வேணும்னாங்க. இன்னைக்குக் காலைல மொத ஜீப்புல திருப்பிக் குடுத்து விட்டுட்டாங்க. எல்லாரும் குடுக்குறதுதான, அது ஒரு விசயமா" என்றார்.

"இன்ஜினை அணைச்சிட்டா கழத்துன?"

"அணைச்சா பெறகு யாருக்கா தள்ளுறது?"

மெட்டில் ஜீப் ஓட்டும் எல்லோரும் செய்வதுதான். இன்ஜினை ஓடவிட்டே பேட்டரியைக் கழற்றி, திருவிழாவுக்கோ கூட்டத்துக்கோ கொடுத்துவிட்டு, இறக்கத்தில் வந்துவிடுவார்கள். டீசல் இன்ஜின் நிற்காது. டைனமோவும் பொறுத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் பொறுக்காது என்பதை அன்று பேச்சியம்மாள் எங்களுக்குச் சொன்னார். அது தயாரிக்கிற கரண்டு போய்ச் சேர ஓர் இடம் வேண்டும், இடம் இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போய் விளக்கையும் எரித்துத் தன்னையும் எரித்துக்கொள்ளும். விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது அதனால்தான். நான் பாராட்டிய வெளிச்சம் அது.

அவர் தங்கவேலைத் திட்டவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பரணில் ஏறித் தேடினார். அட்டை கட்டிய ஒரு பொருளோடு இறங்கினார். வேனோடு வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஆல்டர்னேட்டரின் டயோடுத் தகடு. அதில் காயில் கருகியது, டயோடு நல்லது. இதில் காயில் நல்லது, டயோடு வெடித்தது. "செத்தது ரெண்டு. சாகாத பாதி ரெண்டுலயும் இருக்கு" என்றார். தகடு அளவு பொருந்தவில்லை. உள்ளே வைக்க முடியாது என்றதும், வெளியே காற்றுப் படும் இடத்தில் தகட்டைப் பொருத்தி, காயிலிலிருந்து மூன்று கம்பிகளை வெளியே இழுத்து ஈயம் வைத்து ஒட்டினார். பேசாமல், நிமிராமல், மதியச் சாப்பாடு இல்லாமல் செய்தார். கருப்பையா சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்றுகொண்டே இருந்தார். எரிந்துபோன இரண்டு பல்புகளையும் தங்கவேல் மாற்றினார். மூன்று மணிக்கு, சார்ஜைக் காட்டும் மீட்டரில் முள் ஏறியது.

தங்கவேல் சாவியை எடுத்தார். பேச்சியம்மாள் நானும் வருகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டார் தங்கவேல். "என் ஒட்டு மேல எனக்கே நம்பிக்கை இல்ல. குலுக்கல்ல விட்டுருச்சுன்னா யாரு ஒட்டுறது?" என்றார். அத்தனை வருடம் மலை வண்டிகளுக்கு வேலை செய்தவர், அன்றுவரை மெட்டுக்கு ஏறியதே இல்லை. அதைக் கருப்பையா சொல்லித்தான் நான் அறிந்தேன். ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலையும் கரி அடுப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இடது பக்கச் சீட்டில், முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனார்.

மறுநாள் காலை அவர்கள் இறங்கிய பயணத்தில் நான் இல்லை. தங்கவேலிடமும் செல்வியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பொருந்தியது. முந்தின நாள் அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது வலி விட்டிருந்தது, இருட்டில் இறங்க வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு வலி வலுத்தது. மழை. பனி. செல்வி படுக்கையில், தாய் பக்கத்தில். பேச்சியம்மாள் இன்ஜின் மூடியைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, இடது கையை உள்ளே விட்டு, அந்தத் தகட்டைத் தொட்டபடியே வந்தார். சூடு ஏறினால் தெரிந்துகொள்ள. பதினேழு வளைவுகளும் கையை எடுக்கவில்லை. விரல் கொப்பளித்திருந்ததைப் பிறகு நானே பார்த்தேன். விளக்கு இரண்டும் மஞ்சளாக, நிதானமாக, கடைசிவரை எரிந்தன.

பொருந்தாதது இது. அந்த அக்கா வழி முழுவதும் வாய் திறக்கவில்லை என்பது தங்கவேல் சொன்னது. அவர் ரோட்டைத் தவிர வேறெதையும் கவனித்திருக்கமாட்டார். செல்வி சொன்னது வேறு. கூரை ஜன்னலில் பனி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவளிடம், பேச்சியம்மாள் தலையைத் திருப்பாமலே கேட்டுக்கொண்டு வந்தாராம். எப்போது எழுந்தாய்? அதுக்கு முந்தி? வலி முதுகில் ஆரம்பித்ததா, அடிவயிற்றிலா? தண்ணீர் குடித்தது எப்போது? குழந்தை கடைசியாக எப்போது புரண்டது? செல்வி யோசித்து, விடிவதற்கு முன்பு என்றாள். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு இல்லை. "பதில் சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன் சார். பயப்பட மறந்துட்டேன்" என்றாள் செல்வி.

ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டபோது தங்கவேல் மகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் வரிசையாகச் சொன்னார். குழந்தை விடிகாலையிலிருந்து அசையவில்லை என்பதை முதலில் சொன்னார். உடனே டாக்டரைக் கூப்பிட்டார்கள், ஆபரேஷன் நடந்தது. அந்த ஒரு விவரம் இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டரிடம் பிறகு கேட்டேன். அவரும் சொல்லவில்லை. வண்டிக்கு மெக்கானிக்காக வந்த அம்மா என்று எனக்குத் தெரியாது, பெரிய ஆஸ்பத்திரி நர்சு என்று நினைத்தேன் என்று மட்டும் சொன்னார். பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஒரு வாரம் கழித்துத் தங்கவேல் கடைக்கு வந்தார். இனிமேல் பேட்டரியை யாருக்கும் கொடுக்கமாட்டேன், சத்தியம் என்றார். பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் ஒரு பழைய பேட்டரியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார். இன்ஜினைச் சுழற்ற வலுவில்லாதது, ஆனால் ஒரு மைக்செட்டை ஒரு பொழுது ஓட்டும். "குடுக்காதன்னா நீ குடுப்ப. கோயில்ல வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல உனக்கு வராது. குடுக்குறதுக்குன்னு இதைப் படுக்கைக்கு அடியில வச்சுக்க" என்றார். ஆளை மாற்ற முயலாமல், ஆள் இருக்கும்படிக்கே வண்டியை மாற்றினார். அந்த வேன் அதன் பிறகு நான்கு வருடம் ஓடியது. கொடுப்பதற்கென்று வைத்த பேட்டரி எல்லாத் திருவிழாவுக்கும் போய்வந்தது.

ஜீப் ஸ்டாண்டில் சொன்ன வார்த்தையைத் தங்கவேல் திரும்பப் பெற்றதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன்பின் அங்கே யாராவது ஓடுகிற வண்டியில் பேட்டரியைக் கழற்றப்போனால், "அக்காட்டக் கேட்டுட்டியாடா" என்று சத்தம் கொடுக்கும் முதல் ஆள் அவர்தான்.

செய்தி கேட்ட அன்று, பேச்சியம்மாளை எடுத்துச் செல்வதற்கு முன்பு வீட்டுக்குப் போனேன். கருப்பையா என்னை உள்ளே அழைத்துப் பரணைக் காட்டினார். கடைப் பரணிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த எல்லாம் அட்டையோடு அப்படியே இருந்தன. யாருக்காவது பயன்படும் என்றால் பாகங்களை எடுத்துக்கொள்ளட்டும், அட்டைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். நான்கு டயோடு வெடித்த அந்தத் தகட்டைத் தேடி எடுத்தேன். அதற்கு என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். டிரைவர் பேட்டரியைக் கழற்றினார். டிரைவர் சொல்லவில்லை. கூட வந்த நிருபரும் கவனிக்கவில்லை. எழுதியிருந்தால் அத்தனையும் உண்மை.

கருப்பையாவின் கையெழுத்தில் இருந்தது இது: 'படுக்கை வேன். மெட்டு இறக்கம். பனி. பேட்டரி இல்லாமல் ஓடியது. இவர்கள் பேட்டரியைக் கழற்றிக் கொடுப்பார்களா என்று மாட்டும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.'

தகட்டைப் பரணிலேயே வைத்துவிட்டேன். அட்டையை மட்டும் கருப்பையாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என் மேசையில், நான் எழுதும் தாளுக்கு எதிரே இருக்கிறது.